முட்டை வேண்டாம், சுண்டல் போதுமா?

(திருவனந்தபுரம் கரமனையில் நடந்த கிளைக் கூட்டத்தில் பேசியது)



உணவைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் டாக்டர் இல்லை, ஓய்வு பெற்ற கணக்கர். ஆகவே கணக்கைத்தான் சொல்லப் போகிறேன்.

போன வருஷம் ஆவணி அவிட்டத்தன்று சம்மணமிட்டு உட்கார்ந்தவனுக்கு எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்திலிருந்த பையன் தூக்கிவிட்டான். வெட்கமாகப் போயிற்று. தொடைச் சதை கரைந்திருக்கிறது, எடைப் பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். 63 வயதில் ஜிம்முக்குப் போனேன்.

பயிற்சியாளர் ஒரு மலையாளிப் பையன். "சாரே, எந்தா கழிக்குந்நது?" என்பதுதான் முதல் கேள்வி. முட்டை, மீன் இல்லை என்றேன். பாலும் தயிரும் கூட ஆறு வருஷமாக இல்லை என்றேன். (அது தனிக் கதை. மோர் சாதம் சாப்பிடாமல் இலையை விட்டு எழுந்தவனை நம் உறவினர்கள் பார்த்த பார்வைக்கு ஜிம் பையனின் பார்வை எவ்வளவோ தேவலை.) "அப்போ மசில் வராது" என்று முடித்துவிட்டான்.

எனக்குக் கோபம். மறுநாள் பாட்ரிக் பாபூமியன் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஜெர்மனிக்காரர், பால் முட்டை எதுவும் தொடாதவர், 2013-ல் டொராண்டோவில் 550 கிலோவுக்கு மேல் சுமந்து 10 மீட்டர் நடந்தவர். பையன் சிரித்தான். "அப்போது அவருக்கு 34 வயது. அவர் எவ்வளவு சாப்பிட்டார், சார் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்?"

நியாயமான கேள்வி. ஒரு வாரம் நோட்டில் எழுதினேன். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனக் கணக்கில் கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம். 62 கிலோ எனக்கு 51 கிராம். எடை தூக்கும் முதியவருக்கு இன்னும் கூடுதலாக, கிலோவுக்கு ஒரு கிராமுக்கு மேலேயே வேண்டும். என் நோட்டில் வந்தது 40. சாம்பார் இருக்கிறதே என்பீர்கள். ஒரு கரண்டி சாம்பாரில் 10 கிராம் பருப்பு இருந்தால் அதிகம். அதில் புரதம் 2 கிராம்!

சோயா உருண்டை 50 கிராமில் 26 கிராம் புரதம். "மாமிசம் மாதிரி இருக்கு, என் சமையலறையில் சேர்க்க மாட்டேன்" என்றாள் அகத்துக்காரி. ஊறவைத்துப் பொடித்து உசிலியாக்கியதும் ஒத்துக்கொண்டாள். சாயங்காலம் 50 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல், அது 10 கிராம். சாதத்தைக் குறைத்தும் கணக்கு 70-ஐத் தொட்டது.

பையன் இன்னொன்றும் கேட்டான்: "பி12 பார்த்தீர்களா?" உள்ளங்காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்ததை வயசு என்று விட்டிருந்தேன். ரத்தத்தில் மிகக் குறைவு. நாம் சாப்பிடும் காய், பருப்பு எதிலும் பி12 கிடையாது. பாலை விட்டால் மாத்திரை போட்டே தீர வேண்டும். எனக்கு ஊசியே போட்டார்கள். இதில் அவன் சரி, நான் தவறு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு, பால் குடித்தாலும் பி12 குறையலாம். தயவுசெய்து பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

புரதப் பொடி டப்பா வாங்கச் சொன்னபோது மட்டும் நான் மறுத்தேன். 2024-ல் அதே நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, பொடி வேண்டாம் என்கிறது. மூன்று மாதம் பார்ப்போம் என்று ஒப்பந்தம். 30 விநாடியில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எத்தனை முறை எழுகிறேன் என்பதுதான் பரீட்சை. 8 முறை எழுந்தவன் 13-க்கு வந்தேன். பையன் ஒன்றும் சொல்லவில்லை, எடையை ஏற்றினான்.

வெளியூரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் ஜிம் பேச்சைக் கேட்டு, வீட்டில் சொல்லாமல் முட்டை சாப்பிடுவதாகக் கேள்வி. திட்டாதீர்கள். என்ன சாப்பிடுகிறான் என்று ஒரு வாரம் எழுதச் சொல்லுங்கள்.

என் நோட்டின் நகல் பத்துப் பிரதி கொண்டு வந்திருக்கிறேன். உசிலிக்கு அகத்துக்காரியைக் கேட்கவும்.