கறிக்கட்டையும் கடைசி மருந்தும்

கால்நடைக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் மருந்தால் இறைச்சிக்கு இரண்டு கேடுகள் வருகின்றன. ஒன்று, கறியில் தங்கும் மருந்தின் எச்சம். மற்றது, அந்த மருந்துக்கு அடங்காத பாக்டீரியா. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் பல தவறுகள் நேர்கின்றன. எச்சம் வேதிப்பொருள், மருந்தை நிறுத்திக் குறித்த நாள்கள் கழித்து அறுத்தால் அதன் அளவு குறைந்துவிடும். பாக்டீரியாவுக்கு உயிர் உண்டு. மருந்து நின்ற பிறகும் அது குடலில் பெருகும். எச்சச் சோதனையில் தேறிய கோழியின் குடலிலும் மருந்துக்கு அடங்காத ஈ.கோலை என்னும் பாக்டீரியா இருக்கலாம். இந்த உரை எடுத்துக்கொள்வது இரண்டாவது கேட்டை.

ஒரு குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அவற்றில் சில, மரபணு மாற்றத்தால் மருந்தைத் தாங்கும் திறன் பெற்றிருக்கும். மருந்து உள்ளே போனதும் மற்றவை மடிய, இவை மட்டும் தழைக்கும். நோயுற்ற விலங்குக்கு உரிய அளவில் சில நாள் மருந்து கொடுப்பது தேவையான வைத்தியம். நோயே இல்லாத மந்தைக்கு, எடை கூடுவதற்காகத் தீவனத்தில் சிறிது சிறிதாக நாள்தோறும் கலப்பதோ அடங்காத கிருமியை வளர்த்தெடுக்கும் வேலை. அந்தத் திறனைத் தரும் மரபணு பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் அமைந்துவிட்டால், ஒரு பாக்டீரியா அதை வேறு இனப் பாக்டீரியாவுக்கும் கொடுத்துவிடும்.

கோலிஸ்டின் என்னும் ஆன்டிபயாட்டிக்கின் கதை இதற்குத் தெளிவான சான்று. சிறுநீரகத்தைப் பாதிப்பதால் மனித மருத்துவம் 1970-களிலேயே அதைப் பெரும்பாலும் ஒதுக்கியது. பின்னர் கார்பபெனம் வகை மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகள் மருத்துவமனைகளில் பரவின. அவற்றுக்கு அந்த எதிர்ப்பைத் தரும் நொதிகளுள் ஒன்றான என்.டி.எம்.-1 பற்றி 2010-இல் லான்செட் இதழ்க் குழுமம் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. வேறு வழியின்றி, தீவிர சிகிச்சைப் பிரிவுகள் கோலிஸ்டினைக் கடைசி மருந்தாகத் திரும்ப எடுத்தன. அதே காலத்தில் பண்ணைகளில் அது கோழித் தீவனத்தில் கலக்கப்பட்டு வந்தது. உயிர் காக்கும் கடைசி மருந்தைக் கோழியின் எடைக்காகச் செலவழித்தது மன்னிக்க முடியாத விரயம்.

2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்.சி.ஆர்.-1 என்ற மரபணுவை அறிவித்தனர். கோலிஸ்டினை எதிர்க்கும் அந்த மரபணு பிளாஸ்மிட்டில் அமைந்திருந்தது. பன்றியிலும் கடைக்கறியிலும் நோயாளியிடத்தும் காணப்பட்டது. 2017-இல் சீனா கோலிஸ்டினை வளர்ச்சியூக்கியாகப் பயன்படுத்துவதை நிறுத்தியது. அதன்பின் அங்கே பன்றிகளிலும் மனிதர்களிலும் எம்.சி.ஆர்.-1 குறைந்ததை ஆய்வுகள் காட்டின. இந்தியாவில் மருத்துவச் சங்கங்கள் 2012-இலேயே சென்னையில் கூடி, ‘சென்னைப் பிரகடனம்’ மூலம் ஆன்டிபயாட்டிக் கட்டுப்பாட்டுக்கு வழிவகை கேட்டிருந்தன. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளிலும் கோழிகளிலும் கோலிஸ்டினை மத்திய அரசு தடைசெய்தது 2019 ஜூலையில். சரியான தடை. ஆனால் ஒரு மருந்தைத் தடுத்துவிட்டு மற்றவற்றைத் தீவனத்தில் விட்டுவைத்தால் வேலை பாதியிலேயே நிற்கும்.

பண்ணையில் உருவான கிருமி கறிக்கு வந்து சேரும் இடம் அறுக்கும் இடம். நல்ல தசையின் உட்புறத்தில் பெரும்பாலும் கிருமி இருப்பதில்லை. அது குடலிலும் தோலிலும் இறகிலும் இருக்கிறது. குடல் கிழிந்தாலோ, தோலுரித்த கை கழுவப்படாமல் கறியைத் தொட்டாலோ, அது கறியின் மேல் படிகிறது. பிராய்லர் கடையில் இறகு பிடுங்கும் மெஷினின் ரப்பர் விரல்கள் ஒரு கோழியின் கழிவை அடுத்த கோழிக்குத் தடவுகின்றன. ஒரே தண்ணீரில் அடுத்தடுத்து முக்குவதும் அப்படியே. மரக் கறிக்கட்டையில் வெட்டு விழுந்த பிளவுகளில் ஈரமும் கொழுப்பும் தங்குகின்றன. கொத்துக்கறியில் மேற்பரப்புக் கிருமி உள்ளேயும் கலந்துவிடுகிறது.

2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள், ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12 கால்நடைகளுக்கு மேலும் நாளொன்றுக்கு 96-க்கு மேலும் பரிசோதிக்கக் கூடாது என்கின்றன. அறுக்குமுன் நோயுள்ள விலங்கை விலக்குவதற்கு அந்தப் பரிசோதனை தேவை. ஆனால் அடங்காத கிருமியைச் சுமக்கும் ஆடு நோயின்றித் துள்ளிக்கொண்டும் இருக்கும். கண்ணால் பார்த்து அதைப் பிரிக்க இயலாது. ஆகவே கத்தியும் கட்டையும் தண்ணீரும் சுத்தமாக இருப்பதே கடையில் கிடைக்கும் உண்மையான பாதுகாப்பு.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையோடு வளர்ந்த மூங்கில்துறைப்பட்டு போன்ற ஊர்களில் இந்தச் சுத்தம் செலவு மிகுந்த காரியமல்ல. குழாய்த் தண்ணீர், குடலுக்குத் தனி இடம், கோழிக்கும் ஆட்டுக்கும் தனிக் கட்டை, வேலை முடிந்ததும் கொதிநீரில் கழுவிக் காயவைத்த கத்தி, கழிவு ஆற்றுக்குப் போகாத குழி ஆகியவை போதும். கல்வராயன் மலையில் மேய்ந்து வளரும் ஆட்டுக்குத் தீவன மருந்தின் தொல்லை குறைவு; ஆனால் பிராய்லர் வெட்டிய கட்டையிலேயே அதையும் வெட்டினால் அந்த நன்மை போய்விடும்.

கறியின் உட்பகுதியும் 70 டிகிரி செல்சியஸைத் தொடும்படி வேகவைத்தால் இந்தப் பாக்டீரியா மடியும். மருந்துக்கு அடங்காதது வெப்பத்துக்கு அடங்கும். குழம்பாகக் கொதித்த கறியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. பச்சைக் கறி தொட்ட கையிலும், அதே பலகையில் நறுக்கிய வெங்காயத்திலும், குழாயடியில் கோழியைக் கழுவும்போது தெறிக்கும் நீரிலும்தான் வீட்டுக்கு ஆபத்து. குளிர்சாதனப் பெட்டி கிருமியின் பெருக்கத்தைத் தாமதப்படுத்துமேயன்றி அதைக் கொல்லாது.

நோயாளியின் மாதிரியைச் சோதிக்கக் கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. விலங்கின் மாதிரிக்குச் சின்னசேலத்தை அடுத்த தலைவாசலில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் உண்டு. இவ்விரண்டும் உணவுப் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து, வட்டாரக் கறிக்கடைகளின் மாதிரிகளை ஆண்டுதோறும் சோதித்து, எந்தக் கிருமி எந்த மருந்துக்கு அடங்கவில்லை என்பதைத் தமிழில் வெளியிட வேண்டும்.