வானம் பார்த்த நெல்லும் திராம் கணக்கும்

துபாய், சார்ஜா, தோஹாவிலிருந்து இணைந்திருக்கும் உங்களில் பலருக்கு ராமநாதபுரம் பக்கம்தான் ஊர். எனக்கும் அதுதான். நம் பக்கம் காய்ந்த மண்ணில் புழுதி விதைப்பாக நெல்லைத் தூவிவிட்டு வடகிழக்குப் பருவமழைக்குக் காத்திருப்பார்கள். மழை பொய்த்தால் விதையும் உழவுக்கூலியும் போச்சு. பெய்தாலும், கடைசித் தண்ணீருக்குக் கண்மாய் வற்றிவிட்டால் கதிர் பதர். அதனால் யாரும் உரத்துக்கு அள்ளிக் கொட்டுவதில்லை, விளைச்சலும் குறைவு. தஞ்சாவூர்க்காரர் இதைச் சோம்பல் என்பார். நான் விவேகம் என்பேன்.

டெல்டாவில் தண்ணீரை நம்பி முதலிலேயே கடன் வாங்கிச் செலவு செய்யலாம். ஆனால் 2012இல் மேட்டூர் அணை ஜூன் 12க்குப் பதில் செப்டம்பர் 17இல்தான் திறந்தது. ஆழ்குழாய்க் கிணறு வைத்திருந்தவர் குறுவை போட்டார். மற்றவர் நிலம் சும்மா கிடந்தது.

நாம் பிழைக்க வந்த இந்த மண்ணிலும் நெல் விளைந்திருக்கிறது, தெரியுமா? 2019 இறுதியில் கொரிய விஞ்ஞானிகள் சார்ஜாவின் அல் தைதில் விதைத்து, 2020இல் அறுத்தார்கள். பயிர் வந்துவிட்டது, கேள்வி தண்ணீர்ச் செலவுதான். பாசன வயலில் ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரியாக 2,500 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். சொட்டுநீரில் குறைக்கலாம். ஆனாலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நாட்டில் ஒவ்வொரு லிட்டருக்கும் பில் உண்டு. நம்மூர் மழைக்கு பில் கிடையாது. வராமல் போனால்தான் செலவு.

அந்தச் செலவை யார் கட்டுகிறார்கள்? காப்பீடு கொஞ்சம், அதுவும் வரும்போது. மீதி, இங்கிருந்து போகும் திராம்தான். இந்த வருடமும் அப்பா, "உழவுக்கு அனுப்புப்பா" என்றார். அனுப்பினேன். அவருடைய விவசாயச் செலவு நோட்டில் அந்தப் பணத்துக்கு இதுவரை ஒரு வரிகூட இல்லை.