குழந்தைகளைக் காக்கும் 'ஏ' உயிர்ச்சத்து
(நல்லவாட்டில் நிகழ்த்திய சொற்பொழிவு)



2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று, கடல் பொங்கி வருகிறது என்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த செய்தியை ஒலிபெருக்கியில் அறிவித்து உயிர்களைக் காத்த ஊர் நல்லவாடு. அத்தகைய ஊராரிடம் ஓசையின்றி வரும் மற்றோர் ஆபத்தைக் கூறவே வந்துள்ளோம்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் திருச்சி மாவட்டத்தில் நடத்திய ஆராய்ச்சி 1990-இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 15,000 சிறு குழந்தைகளுள் பாதிப் பேருக்கு, ஓராண்டுக் காலம், வாரந்தோறும் வீடு தேடிச் சென்று சிறிதளவு 'ஏ' உயிர்ச்சத்து புகட்டப்பட்டது. மற்றவர்களோடு ஒப்பிட, அவர்களிடையே இறப்பு பாதிக்கும் மேலாகக் குறைந்தது. வியப்பு யாதெனில், வயிற்றுப்போக்கும் சளியும் வருவது குறையவில்லை. உயிர் போவதுதான் குறைந்தது. புகட்டிய அளவோ, நாள்தோறும் உண்ணும் உணவிலேயே பெறக்கூடியது!

கண், மூச்சுக்குழல், குடல் ஆகியவற்றின் உட்பூச்சு ஈரமும் உறுதியும் பெற்றிருக்க இச்சத்து வேண்டும். குறைந்தால் அப்பூச்சு உலர்ந்து, கிருமிகளுக்கு வழிவிடுகிறது. கிருமியோடு போரிடும் வெள்ளணுக்களும் தளர்கின்றன. தட்டம்மை கண்ட குழந்தையின் உடலில் இருக்கும் கொஞ்சமும் கரைந்துவிடும். மாலைக்கண் தோன்றுமுன்பே இக்கேடு தொடங்கிவிடுகிறது.

மீன் உண்ணும் ஊருக்கு இக்குறை ஏது எனலாம். இச்சத்து மிகுதியாக இருப்பது மீனின் ஈரலில், சதையில் குறைவே. அரிசியில் அறவே இல்லை. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, பழுத்த பப்பாளி, மாம்பழம், முட்டையின் மஞ்சட்கரு, பால் ஆகியவற்றில் உண்டு. வேலியோரத்து முருங்கையை ஆட்டுக்கு ஒடித்துப் போட்டுவிட்டு, கடையில் விலையுயர்ந்த டானிக்கு வாங்குவோரைக் கண்டிருக்கிறோம். அது வீண் செலவே என்போம். கீரையில் ஒரு கரண்டி எண்ணெய் சேருங்கள். எண்ணெயின்றி இச்சத்து உடலில் ஒட்டாது. பிறந்தவுடன் சுரக்கும் சீம்பாலில் இது செறிந்துள்ளது. அதைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள்.

அரசு வழங்கும் 'ஏ' உயிர்ச்சத்துத் திரவம், ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புகட்டப்பட வேண்டியது. மிகுதியாகக் கொடுத்தால் வலிமை கூடாது. ஈரலுக்குத் தீங்கு நேரும். ஆகவே சுகாதார ஊழியர் சொன்ன அளவைத் தாண்டலாகாது. எந்தக் குழந்தை விடுபட்டது என்பதை அங்கன்வாடிப் பதிவேட்டில் பார்த்துக் கேட்பது, உறுப்பினர்களே, உங்கள் கடமை.

குளியல் நீர் பாயும் இடத்தில் வீட்டுக்கொரு முருங்கைப் போத்தும் பப்பாளிக் கன்றும் நட, பஞ்சாயத்து ஏற்பாடு செய்யலாம். போத்து நன்கு வேர் பிடிக்கும் வரை ஆடு கடிக்காதபடி முள் கட்டி வையுங்கள்.