கரண்டிப் பாலும் கடவுளும்



நமது அப்டன் பார்க்கில், கிறீன் ஸ்றீட்டுக்குப் பக்கத்தில், எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. தாயார் காலமாகி, 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு ஆயத்தம் நடந்துகொண்டிருந்தது. மூத்த மகன் கடவுள் நம்பிக்கை உள்ளவர், இளையவர் இல்லாதவர். "நம்பாத கிரியையை நான் செய்யமாட்டன் அண்ணை" என்றார் தம்பி. பேச்சு வளர்ந்தது. தாயார் 1995இல் சவுத்தோல் வரை ரயிலேறிப் போய்ப் பிள்ளையாருக்குக் கரண்டியில் பால் பருக்கிய கதையில் வந்து நின்றது. "அம்மா கண்ணால கண்டவ" என்றார் அண்ணர். "அம்மா ஏமாந்தவ" என்றார் தம்பி. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுவிட்டது.

இருவர் சொன்ன நியாயங்களையும் இன்று கொஞ்சம் நிறுத்துப் பார்ப்போம்.

1995 செப்டம்பர் 21. டில்லியில் கிளம்பிய செய்தி அன்றே லண்டனுக்கும் வந்தது. பால் நிரம்பிய கரண்டியைச் சிலையோடு அணைத்துப் பிடித்தால் பால் குறைந்தது. பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கண்டது பால் குறைந்ததை மட்டுமே. பிள்ளையார் குடித்தார் என்பது கண்டது அல்ல, அதிலிருந்து ஊகித்தது. இந்திய அரசின் விஞ்ஞானிகள் பாலில் நிறம் கலந்து பரிசோதித்தார்கள். திரவத்தின் பரப்பிழுவிசையால் பால் கரண்டியிலிருந்து சிலைக்கு ஏறி, மெல்லிய படலமாகக் கீழே வழிந்தது தெரிந்தது. வெள்ளைக் கல்லில் வெள்ளைப் பால் வழிந்தால் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

மணிமேகலையின் 29ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் போதிக்கிறார். பிழையான காரணங்களுக்கு ஏதுப்போலி என்று பெயர். அதில் ஒரு வகை அநைகாந்திகம். சொல் பெரிது, விஷயம் சின்னது. "கடையில் வெளிச்சம் தெரிகிறது, ஆகவே கடை திறந்திருக்கிறது" என்று ஒருவர் சொல்கிறார். பூட்டிய கடையிலும் இரவில் வெளிச்சம் எரிகிறதே! இரு பக்கத்துக்கும் பொருந்துகிற காரணம் எந்தப் பக்கத்தையும் நிறுவாது. கரண்டிப் பாலும் அப்படித்தான். வீட்டு அலுமாரியிலுள்ள கல் பொம்மையிடம் பிடித்தாலும் பால் குறையும். ஆகவே அண்ணரின் காரணம் நிற்காது.

சரி, தம்பி வென்றாரா? பால் குறைந்த விதத்துக்கு அவர் சொன்ன விளக்கம் சரி. ஆனால் அதிலிருந்து "ஆகவே கடவுள் இல்லை" என்று தாவினார். வெளிச்சத்தை வைத்துக் கடை திறந்திருக்கிறது என்று சொல்ல முடியாது என்பதால், கடை பூட்டியிருக்கிறது என்று ஆகிவிடுமா? ஒரு சான்று விழுந்தது, அவ்வளவுதான். "அம்மா ஏமாந்தவ" என்பதும் வாதத்துக்குப் பதில் அல்ல, ஆளுக்கு அடி. அண்ணர் உடனே, "விஞ்ஞானத்துக்கு எல்லாம் தெரியுமோ?" என்று கேட்டார். விஞ்ஞானத்துக்குத் தெரியாத இடம் இருப்பது உண்மை. தெரியாமை எதற்கும் சாட்சி சொல்லாது.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தை எழுதினார். முதலில் எடுத்துக்கொண்டது, கடவுளையே ஏற்காத உலகாயதனை. அவன் கட்சியை அவன் நிலையில் நின்று சொல்லிவிட்டே மறுப்புக்கு வருகிறார். இதே லண்டனில், 1948 ஜனவரியில், பிபிசி வானொலியில் பேட்ரண்ட் ரசலும் கொப்பிள்ஸ்ரன் என்ற யேசுசபைக் குருவும் கடவுள் உண்டா என்று வாதிட்டார்கள். கடவுள் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் முதலில் உடன்பட்டுக்கொண்டார்கள். ஒருவர் மற்றவரை மாற்றவில்லை. ஆனால் எந்த இடத்தில் பிரிகிறார்கள் என்பது கேட்டவர்களுக்கு விளங்கியது.

நம் சகோதரர்கள் எந்த இடத்தில் பிரிந்தார்கள்? அம்மாவுக்கு நாம் என்ன செய்யவேண்டும் என்பதுதான் அவர்கள் முன் இருந்த கேள்வி. பாலை வைத்து அதைத் தீர்க்க முடியாது. நான் இருவரிடமும் தனித்தனியாக ஒன்று கேட்டேன்: "மற்றவர் என்ன சொல்லுகிறார் என்று, அவரே ஒப்புக்கொள்ளும்படி சொல்லுங்கோ பாப்பம்." தம்பி நெடுநேரம் யோசித்துச் சொன்னார்: "அம்மா விரும்பினபடி அவவை அனுப்பவேணும் எண்டு அண்ணை நினைக்கிறார்." அண்ணர் சொன்னார்: "நம்பாமல் செய்தால் அது அம்மாவுக்குப் பொய் எண்டு தம்பி நினைக்கிறான்."

அந்தியேட்டி அன்று தம்பி தர்ப்பை போடவில்லை. ஆனால் வந்தார். வந்தவர்களுக்குச் சோறு பரிமாறினார். அண்ணர், "தம்பி, நீயும் இருந்து சாப்பிடு" என்றார். கடவுள் உண்டா இல்லையா என்ற வழக்கு அந்த வீட்டில் இன்னும் முடியவில்லை. பேசிக்கொண்டிருக்கிறார்கள்.