ஸ்டீபன் படிக்க ஆசைப்பட்ட படிப்பு



லண்டன் நகரம். 1993, ஏப்ரல் 22, இரவு. ஸ்டீபன் லாரன்ஸ் என்ற 18 வயதுப் பையன் நண்பனோடு பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறான். கறுப்பினப் பையன். அந்த ஒரே காரணத்துக்காக வெள்ளையர் கும்பல் ஒன்று அவனைக் குத்திக் கொன்றது.

ஸ்டீபனுக்கு ஓர் ஆசை இருந்தது. கட்டடக் கலைஞன் ஆகவேண்டும்.

பெற்றோர் நீதி கேட்டு அலைந்தார்கள். இரண்டு பேருக்குத் தண்டனை கிடைக்கவே 2012 ஆகிவிட்டது. அம்மா டோரீன் அதுவரை சும்மா இருக்கவில்லை. 1998-லேயே மகன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். கட்டடக் கலை படிக்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு உதவித்தொகை. கவனியுங்கள், மகன் படிக்க நினைத்த அதே படிப்புக்கு! எனக்கு இதில் பெரிதாகப் படுவது அதுதான்.

கட்டடக் கலை பல வருஷப் படிப்பு. கல்லூரிக் கட்டணம் மட்டுமா? வீட்டுக்கு மாதிரி செய்து காட்டவேண்டும். அட்டை, பசை, மரத்துண்டு, பெரிய பெரிய வரைபடத் தாள் என்று கையைக் கடிக்கும். ஏழைப் பிள்ளை தடுமாறுவது இந்த இடத்தில்தான். உதவித்தொகை கைகொடுப்பதும் இங்கேதான்.

அப்படிப் படித்து முடித்த பிள்ளைகள், ஸ்டீபன் ஆசைப்பட்ட அந்த வேலையை இன்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.