பட்டப்படிப்பும் மாணவர் உள்ளமும்
(பெற்றோர் – மாணவர் கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



கல்லூரிப் படிப்பு நம் முன்னோரில் பலருக்கு எட்டாக்கனியாய் இருந்தது. இன்றோ நிலை வேறு. 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில், 18 முதல் 23 வயதினர் தொகைக்கு உயர்கல்வி பயில்வோர் நூற்றுக்கு 47 என்ற அளவில் தமிழகம் இருந்தது. நாடு முழுமைக்கும் அது 28 சொச்சமே. மகிழ்கிறோம். ஆனால் வாசலைக் கடந்த பிள்ளையின் உள்ளத்தை நாம் அறிந்திருக்கிறோமா?

எதற்காகப் படிக்கிறாய் என்றால், வேலைக்காக என்பதே பெரும்பாலும் வரும் மறுமொழி. இதில் குறை காணலாகாது. "முதல் பட்டதாரி" சான்றிதழோடு கல்லூரிக்குச் செல்லும் பிள்ளை, குடும்பத்தின் கடனையும் கனவையும் சேர்த்தே சுமந்து செல்கிறது. ஆனால் பிழைப்பு ஒன்றே தூண்டுகோலாய் இருந்தால் போதுமா?

அமெரிக்க உளவியல் அறிஞர் எட்வர்ட் டெசி 1971இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களுக்குப் புதிர்க் கட்டைகளைக் கொடுத்து, ஒரு சாராருக்கு மட்டும், விடுவித்த ஒவ்வொரு புதிருக்கும் பணம் தந்தார். பணம் நின்றபோது, ஓய்வு வேளையில் புதிரைத் தொடும் ஆவல் அவர்களிடம் முன்பைவிடக் குறைந்தது. வெளியிலிருந்து வரும் கூலி, உள்ளிருந்து எழும் ஆர்வத்தை அவித்துவிடவும் கூடும் என்பதே இதன் பாடம். மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்தவர் தேர்வு முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுவதில் வியப்பென்ன?

1852இல் டப்ளின் நகரில் பல்கலைக்கழகம் பற்றி உரையாற்றிய புனித ஜான் ஹென்றி நியூமன், அறிவு அதன் பொருட்டே நாடத்தக்கது என்று வாதிட்டார். அதனால் பிழைப்பு கெடும் என்று அவர் கருதவில்லை. பண்பட்ட மனம் எத்தொழிலுக்கும் பயன்படும் என்றே நம்பினார்.

ஆகவே பெற்றோரே, அடுத்த வீட்டுப் பையன் பொறியியல் சேர்ந்தான் என்பதற்காக நம் பிள்ளையையும் அங்கே தள்ள வேண்டாம். விண்ணப்பத்தை நிரப்புமுன் ஒரு மாலைப்பொழுது உடன் அமர்ந்து, "உனக்கு எதில் நாட்டம்?" என்று கேளுங்கள், பதில் வரும்வரை பொறுத்திருங்கள். பிள்ளைகள் கல்வியில் எதிர்பார்ப்பது சான்றிதழ் மட்டுமன்று. ஐயம் கேட்டால் சினவாத ஆசிரியரையும், தங்கள் விருப்பத்துக்குச் செவிசாய்க்கும் வீட்டையும் எதிர்பார்க்கிறார்கள்.

மாணவர்களே, பெற்றோரின் வியர்வையை மறவாதீர்கள். ஆயினும் எதற்காகப் படிக்கிறீர்கள் என்ற கேள்விக்கு உங்கள் சொந்தச் சொல்லில் விடை தேடுங்கள். இரவல் ஆசை முதல் தோல்வியிலேயே சோர்ந்துவிடும். சொந்த ஆர்வமோ மறுபடியும் புத்தகத்தைத் திறக்கும்.