இயந்திரத்தின் இடாப்பு

பாலாவியைக் கடந்து கற்பிட்டி வீதியிற் செல்வோருக்கு நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி நெடுந்தொலைவிலேயே தென்படும். லக்விஜய எனப் பெயர்பெற்ற இந்நிலையத்தில் 300 மெகாவாற் வலுவுடைய அலகுகள் மூன்று உண்டு. முதலாவது 2011ஆம் ஆண்டிலும் ஏனையவை 2014ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின.

இத்தகைய நிலையங்களை நடத்தும் கணினிக்குக் கண்ணுமில்லை, காதுமில்லை. கம்பி கொண்டுவரும் செய்தியே அதன் உலகம். ஆகவே, கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்குக் கட்டளையிடுமுன் பொறியியலாளர் ஓர் இடாப்பு எழுதுகின்றனர். கருவிகளிலிருந்து கணினிக்கு வருபவை உள்ளீடுகள். கணினி பம்பிகளுக்கும் வால்வுகளுக்கும் அனுப்பும் கட்டளைகள் வெளியீடுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: பெயர், இலக்கம், அளவின் எல்லை, சேரும் பெட்டி. வரவு இடாப்பிற் பெயரில்லாத பிள்ளை வராவிட்டால் யார் தேடுவார்? இங்கும் அப்படியே. ஐந்திலொரு பங்கு இடத்தை வெறுமையாக விட்டுவைப்பதும் வழக்கம். செலவுக் கணக்குப் பார்ப்போருக்கு அது வீண்; பின்னர் ஒரு கருவி சேர்க்க நேரும்போதுதான் அருமை தெரியும்.

குளிர்விக்கும் கடல்நீரின் அமுக்கம் 0 முதல் 10 பார் வரை என்று கொள்வோம். பூச்சிய அமுக்கத்தை அறிவிக்கவும் கருவி 4 மில்லியம்பியர் மின்னோட்டம் அனுப்பும், பத்துக்கு 20. ஏன் நான்கிலிருந்து தொடங்கவேண்டும்? உப்புக் காற்றில் இணைப்பு துருப்பிடித்து அறுந்தால் மின்னோட்டம் அடியோடு நின்றுவிடும். 'அமுக்கம் இல்லை' என்பது ஒரு செய்தி. பேச்சே இல்லாமை வேறொரு செய்தி. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் கணினி, நல்ல பம்பியை நிறுத்திவிடக்கூடும்.

இதனினும் முக்கியமான கேள்வி, மின்சாரமே அற்றுப்போனால் எந்த வால்வு திறந்து நிற்கவேண்டும், எது மூடவேண்டும் என்பது. 2020 ஓகஸ்ற் 17ஆம் நாள் கெரவலப்பிட்டி உபமின் நிலையத்தில் நேர்ந்த தவறினால் நாடெங்கும் இருள் சூழ்ந்தது. நுரைச்சோலை அலகுகளும் நின்றன. மீண்டும் முழுமையாக இயங்கச் சில நாட்கள் சென்றன. இவ்வாறான வேளையில், சுழன்றுகொண்டிருக்கும் பெருஞ்சுழலியின் தாங்கிகள் எரியாதிருக்க, பற்றரியில் இயங்கும் எண்ணெய்ப் பம்பி தானே தொடங்கவேண்டும். அதற்கும் இடாப்பில் வரி உண்டு.

மேசையில் எழுதியதோடு பணி முடிவதில்லை. ஒருவர் கருவியருகே நிற்க, மற்றவர் கட்டுப்பாட்டு அறையிலிருந்து தொலைபேசியில் இலக்கத்தைக் கூறுவார். அங்கே கொடுத்த அளவு இங்கே திரையில் தெரிந்தாற்றான் அந்த வரிக்கு அடையாளமிடுவர். மாலையில் அடையாளமின்றி எஞ்சிய வரியே மறுநாட் காலை முதல் வேலை.